எழுத்தைத் தின்னாத பூச்சி: பொய்த்தாளின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியாற்றும் கல்லூரியின் ஆண்டு மலரில் தமிழ்த்துறைப் பக்கங்களைத் தொகுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு விருத்தங்கள் எழுதித் தந்திருந்தார். வெறும் வெள்ளைப் பக்கத்தில் அவை எடுப்பாக அமையவில்லை. கணிப்பொறியில் கைதேர்ந்த இரண்டாமாண்டு மாணவரை அழைத்து, "பின்னால் பழைய தாள் மாதிரி ஏதாவது போட முடியுமா தம்பி?" என்று கேட்டோம். "அரை மணி நேரம் கொடுங்க ஐயா" என்றார்.

சொன்னபடியே அரை மணியில் திரையில் ஒரு தாள் பிறந்தது. பழுப்பேறிய உடல், நான்காக மடித்து வைத்திருந்ததன் சுவடு, கிழிந்த ஓரங்கள், தேநீர்க் குவளை வைத்த வட்டக் கறை, பூச்சி அரித்த இரண்டு துளைகள், தாளுக்குக் கீழே மெல்லிய நிழல். விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. மகிழ்ச்சியோடு அச்சுக்கு அனுப்பினோம்.

மலர் வெளிவந்து இரண்டு மாதம் கழித்து, வேற்றூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பழம் ஏடுகளிலும் கையெழுத்துப் படிகளிலும் ஈடுபாடுடைய முதியவர். "விருத்தங்கள் அச்சாகியுள்ள அந்தப் பழைய தாள் எங்கே பாதுகாக்கப்படுகிறது? எக்காலத்தது? அனுமதித்தால் நேரில் வந்து பார்க்க விரும்புகிறேன்" என்று பணிவோடு கேட்டிருந்தார்.

வெட்கமாக இருந்தது. மலரில் எங்கும் நாம் பொய் எழுதவில்லை. 'இது பழையது' என்று ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அந்தத் தாள் சொல்லிவிட்டது, அவர் நம்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டு மறுமொழி எழுதினோம். அதன் பிறகும் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. தாள் அல்லாத ஒன்றைத் தாளாகக் காட்டும் இந்தக் கலை எங்கிருந்து வந்தது? அதற்குத் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

தழும்பு அணிகலனான கதை

தாளைப் போலி செய்தவர்களில் மூத்தவர்கள் கணிப்பொறிக்காரர்கள் என்று எண்ணியிருந்தோம். தேடியபோதுதான் அந்தப் பெருமை தாள் செய்தவர்களுக்கே உரியது என்று தெரிந்தது.

ஐரோப்பாவில் கையால் தாள் செய்த நாள்களில் கந்தல் துணியை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, கம்பிகள் வரிந்த சட்டத்தால் அள்ளுவர். நீர் வடியும்போது கம்பி இருந்த இடங்களில் கூழ் மெலிதாகப் படியும். அத்தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளியில் வேறு கோடுகளும் தெரியும். இவற்றை எவரும் அழகுக்காக இடவில்லை. தாள் பிறந்தபோது உடம்பில் பட்ட தழும்புகள் இவை.

1750களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் என்பார் வரிக்கம்பிக்கு மாறாக நெய்த கம்பிவலையைப் பயன்படுத்திக் கோடில்லாத வழவழப்பான தாளைச் செய்தார். 1757இல் ஜான் பாஸ்கர்வில் அச்சிட்ட வர்ஜிலின் கவிதைத் தொகுதி, ஒரு பகுதி இத்தாளில் அமைந்தது. பின்னர் 1799இல் பிரான்சில் லூயி நிக்கோலா ராபேர் தாள் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஓயாமல் ஓடும் கம்பிவலைப் பட்டையின் மேல் கூழ் பரவியது. எனவே இயந்திரத் தாளிலும் பழைய கோடுகள் இல்லை.

மக்கள் கண்ணோ கோடிட்ட தாளையே மதிப்புள்ள தாளாகப் பழகியிருந்தது. ஆகவே 1820களில் 'டாண்டி ரோல்' எனப்படும் உருளை வந்தது. ஈரம் காயாத இயந்திரத் தாளின் மீது உருண்டு, கைத்தாளுக்குரிய கோடுகளை அது அழுத்திப் பதித்தது. செய்முறையின் தழும்பு இவ்வாறு அணிகலனாயிற்று. இன்றும் உயர்ந்த கடிதத்தாள்களில் நாம் காணும் வரிகள் பல அவ்வுருளை இட்ட வரிகளே. நம் மாணவர் திரையில் செய்ததும் இதன் தொடர்ச்சிதான்: காரணம் போன பின்பும் அடையாளத்தை வைத்துக்கொள்வது.

தூரிகையின் தாள்

ஓவியர்கள் இதே வேலையை வேறு நோக்கில் செய்தனர். 17ஆம் நூற்றாண்டில், டென்மார்க் அரசவையில் பணியாற்றிய பிளெமிய ஓவியர் கொர்னேலிஸ் கைஸ்பிரெக்ட்ஸ், பார்ப்பவர் கண்ணை ஏமாற்றும் ஓவியங்களில் வல்லவர். சுவரில் அடித்த வார்ப்பட்டைகளுக்குள் கடிதங்கள் செருகி வைத்திருப்பதாகப் பல படங்கள் தீட்டினார். மடங்கிய மூலை, உடைந்த அரக்கு முத்திரை, சுருண்ட ஓரம் என ஒன்றும் விடுபடவில்லை. அவருடைய 1670ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று கோபன்ஹேகன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் வரையப்பட்டிருப்பது சட்டமிட்ட ஓர் ஓவியத்தின் பின்புறம். மரச்சட்டமும் ஆணிகளும் துணியும் தெரிய, ஒரு மூலையில் '36' என்று எண்ணிட்ட சிறு தாள்துண்டு ஒட்டியிருக்கிறது. அத்துண்டும் வண்ணமே.

அவ்வோவியர்கள் கண்டறிந்த நுட்பம் ஒன்று நம் கதைக்கு முதன்மையானது. தாளைத் தாளாக்குவது அதன் நிறத்தைக் காட்டிலும் அதன் நிழலே. பரப்பிலிருந்து ஒரு நூலிழை உயர்ந்து நிற்கிறது என்பதை, ஓரத்தில் விழும் மெல்லிய நிழல்தான் கண்ணுக்கு உணர்த்துகிறது. நிழல் இல்லாத தாள் வெறும் நிறத்திட்டு.

இவ்விளையாட்டு ஒருமுறை சட்டத்தின் கண்ணையும் உறுத்தியது. அமெரிக்க ஓவியர் வில்லியம் ஹார்னெட் பணத்தாள்களை அப்படியே தீட்டுவதில் பெயர் பெற்றவர். 1886இல் நியூயார்க் மதுச்சாலை ஒன்றில் தொங்கிய அவருடைய பணத்தாள் ஓவியத்தை, கள்ளநோட்டுகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரிகள் கைப்பற்றினர். தண்டனையின்றி எச்சரிக்கையோடு விட்டனர். படம் எங்கே முடிகிறது, போலி எங்கே தொடங்குகிறது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

தேநீரும் நெருப்பும்

ஓவியன் ஏமாற்றுவது, ஏமாந்தோம் என்று நாம் அறிந்து மகிழ்வதற்காக. போலி ஆவணக்காரன் ஏமாற்றுவது நாம் அறியாதிருப்பதற்காக. இலக்கிய வரலாற்றில் இவ்வகையினர் பலர். அவர்களுள் வில்லியம் ஹென்றி அயர்லாந்து நினைவுகூரத் தக்கவர்.

1790களில், இருபது வயதும் நிறையாத இந்த இளைஞர் ஷேக்ஸ்பியரின் கையெழுத்துகள், கடிதங்கள், ஒரு புதிய நாடகம் வரை 'கண்டெடுத்து'க் கொண்டிருந்தார். பழந்தாளுக்கு அவர் கண்ட வழி எளியது. புத்தக வணிகர் ஒருவருக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்து, பழைய பெருநூல்களின் முன்னும் பின்னும் உள்ள எழுதப்படாத தாள்களை வெட்டி எடுத்துக்கொண்டார். நூல் கட்டுமானப் பணியாளர் ஒருவர் கலந்து கொடுத்த மையால் எழுதி, தாளை நெருப்பருகே காட்டினார், மை பழுப்பேறியது. குவளை வடிவ நீர்க்குறி எலிசபெத் அரசியின் காலத்துத் தாள்களில் மிகுதி என்று கேள்வியுற்று, அக்குறியுள்ள தாள்களைத் தேடிச் சேர்த்தார். 1795இல் புகழ்பெற்ற எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அத்தாள்களின் முன் மண்டியிட்டு முத்தமிட்டார். 1796 மார்ச் இறுதியில் அறிஞர் எட்மண்ட் மலோன் தம் ஆய்வு நூலால் மோசடியை வெளிப்படுத்தினார். ஏப்ரல் 2ஆம் நாள் அரங்கேறிய போலி நாடகம் அந்த ஓரிரவோடு முடிந்தது.

தாளே சாட்சி சொன்ன வழக்கும் உண்டு. தாமஸ் வைஸ் என்பவர் இங்கிலாந்தின் பெரும் நூல் சேகரிப்பாளராக மதிக்கப்பட்டவர். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காதற் கவிதைகள் 'ரெடிங், 1847' என்ற குறிப்போடு சிறு பதிப்பாக அவர் வழியே வெளிப்பட்டு, அரிய முதற்பதிப்பாக விலைபோயின. 1934இல் ஜான் கார்ட்டர், கிரகாம் பொல்லார்ட் என்னும் இளம் புத்தக வணிகர்கள் இருவர் இவற்றை ஆய்ந்தனர். இத்தகைய பல பிரதிகளின் தாளை நுண்ணோக்கியில் வைத்தபோது எஸ்பார்ட்டோ புல்லின் நாரும் வேதிமுறையில் பக்குவப்படுத்திய மரக்கூழும் தெரிந்தன. முன்னது 1861க்கு முன்பும் பின்னது 1874க்கு முன்பும் அந்நாட்டுத் தாளில் இருக்க வழியில்லை. தலைப்புப் பக்கம் 1847 என்றது, நார் மறுத்தது. அச்சு பொய் சொல்லியது, தாள் சொல்லவில்லை.

1983இல் ஜெர்மனியின் 'ஷ்டெர்ன்' இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்ததாக அறிவித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. அவற்றை எழுதிய கோன்ராட் குஜாவ், தாள்களுக்கு முதுமை ஏற்றத் தேநீரைப் பயன்படுத்தியிருந்தார். இரண்டே வாரத்துக்குள் ஜெர்மானிய ஆவணக்காப்பக ஆய்வு முடிவு வந்தது. தாளில் இருந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் உலகப் போருக்குப் பின்பே புழக்கத்துக்கு வந்தது. தேநீர் கண்ணை ஏமாற்றியது. புற ஊதா விளக்கை ஏமாற்ற முடியவில்லை.

திரையில் விரிந்த தாள்

கணிப்பொறித் திரை தொடக்கத்தில் கரும்பலகையை ஒத்திருந்தது. இருளில் ஒளிரும் எழுத்துகள். அதைத் தாளாக்கும் முயற்சியில் முன்னோடி, 1973இல் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான 'ஆல்ட்டோ' கணிப்பொறி. அதன் திரை அகலத்தைவிட உயரம் மிக்கது. ஒரு கடிதத்தாளின் வடிவம். வெண்பரப்பில் கறுப்பு எழுத்து. 1981இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டார்' கணிப்பொறி, தாள், கோப்புறை, கோப்புப் பேழை எல்லாம் பரப்பிய ஓர் எழுதுமேசையையே திரையில் காட்டியது.

ஆனால் அந்தத் தாள் அப்பழுக்கற்றது. மெய்யான தாளுக்கு மாசு வேண்டும். கணிப்பொறிக்கோ ஒழுங்கு எளிது, ஒழுங்கின்மை அரிது. 1982இல் வெளியான 'டிரான்' திரைப்படத்தின் கணிப்பொறிக் காட்சிகளில் பணியாற்றிய கென் பெர்லின், படங்களின் இயந்திரத்தனமான வழவழப்பில் மனநிறைவு கொள்ளவில்லை. புள்ளிகளை மனம்போன போக்கில் தெளித்தால் பழுதான தொலைக்காட்சியின் இரைச்சல்தான் மிஞ்சும். இயற்கையிலோ, பக்கத்துப் புள்ளி பக்கத்துப் புள்ளியை ஒத்திருந்துகொண்டே மெல்ல விலகிச் செல்லும். மேகமும் பளிங்கும் மரவரியும் அப்படியே. இந்த இணக்கமான ஒழுங்கின்மையைக் கணக்காக்கி 1985இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1997இல் திரைத்துறையின் ஆஸ்கர் தொழில்நுட்ப விருது இதற்காக அவருக்குக் கிடைத்தது.

மறுபுறம் 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் நால், தம் மெக்கின்டாஷ் கணிப்பொறியில் சாம்பல்நிறப் படங்களைக் காட்டச் சிறு நிரல் ஒன்றை எழுதினார். திரைப்படத் தந்திரக்காட்சிக் கூடத்தில் வேலை பார்த்த அவருடைய சகோதரர் ஜான் நால் அதன் பயனை உணர்ந்து உடன் உழைத்தார். அடோபி நிறுவனத்தின் வழியே 1990 பிப்ரவரியில் அது 'போட்டோஷாப்' என்ற பெயரில் வெளிவந்தது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'லேயர்' எனப்படும் அடுக்குகள் சேர்ந்தன. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தகடுகளை வைத்து வரைவதுபோல, தாள் ஓர் அடுக்கு, கறை ஓர் அடுக்கு, எழுத்து ஓர் அடுக்கு என்று பிரித்து வைக்க வழி பிறந்தது. 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பு, கைஸ்பிரெக்ட்ஸ் தூரிகையால் வரைந்த அந்த ஓரநிழலை ஒரு சொடுக்கில் தந்தது. 1996 முதலே இலவசமாகக் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளும் இதே வேலைக்கு உதவியது.

நம் மாணவர் தாள் செய்த முறையைப் பின்னர் பொறுமையாக விளக்கினார். அடியில் வெளிர் பழுப்பு நிரப்பிய அடுக்கு. அதன்மேல் நுண்புள்ளிகளைத் தெளித்து, சற்றே மங்கலாக்கினால் நார் போன்ற சொரசொரப்பு. 'கிளவுட்ஸ்' என்னும் ஃபில்டரால் மேகத்திட்டு எழுப்பி, மெல்லியதாக மேலே படியவிட்டால் ஈரம் பட்டுக் காய்ந்த தோற்றம். மடிப்புக்கு ஒரு நேர்க்கோடு. அதன் ஒருபுறம் சற்று வெளிச்சம், மறுபுறம் சற்று இருள். ஓரத்தைக் கையால் கோணலாக வெட்டி, வெட்டின் உள்விளிம்பில் வெண்ணிறம் தீற்ற வேண்டும். கிழிந்த தாளின் உள்நார் வெளுப்பாகத்தான் தெரியும் அல்லவா? பிறகு 'பர்ன்' கருவியால் விளிம்பைக் கருக்க வேண்டும். பெயரைக் கேட்டால் தீ என்று தோன்றும். உண்மையில் இருட்டறையில் படம் கழுவியவர்கள், ஓரிடத்தில் மட்டும் ஒளியைக் கூடுதலாகப் பாய்ச்சிக் கருமையாக்கியதன் பெயர் அது. இறுதியில் எழுத்தை 'மல்டிப்ளை' முறையில் வைத்தால் தாளின் சொரசொரப்பு எழுத்தினூடே தெரியும். மை ஊறியதாகக் கண் நம்பும்.

இப்பொய்த்தாளுக்கு ஒரு பொற்காலமும் இருந்தது. 2007இல் வந்த ஐபோனில் குறிப்பெழுதும் இடம் மஞ்சள் கோட்டுத்தாளாகவே இருந்தது. 2010இல் அதே நிறுவனத்தின் மின்னூல்கள் மர அலமாரியில் அடுக்கப்பட்டு, பக்கம் சுருண்டு புரண்டன. 2013இல் இவ்வலங்காரங்கள் பெரும்பாலும் களையப்பட்டன. மறு ஆண்டே கூகுள் அறிவித்த வடிவமைப்பு நெறி, தாளும் மையும் தந்த தூண்டுதலில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டது. தாளை விரட்டினால் அதன் நிழலாவது திரும்பி வந்துவிடுகிறது.

பூச்சியின் நாகரிகம்

அயர்லாந்தின் தாளுக்கு நீர்க்குறி இருந்தது. வைஸின் தாளுக்கு நார் இருந்தது. குஜாவின் தாளில் வேதிப்பொருள் இருந்தது. ஆகவே என்றேனும் ஒருவர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்து உண்மை கேட்க முடிந்தது. நம் மாணவர் செய்த தாளுக்குப் பின்புறமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் ஆண்டு மலரின் தாள்தான் தெரியும். அப்படியானால் அதனிடம் உண்மை கேட்கும் வழி என்ன?

மலரை மீண்டும் எடுத்து உற்றுப் பார்த்தோம். தமிழ் வாசகருக்கு விடை நம் ஏடுகளிலேயே கிடைக்கும் என்று அப்போது தோன்றியது. பனையோலை காகிதத்துக்கு மூத்தது. அழிவையும் அதற்கு முன்பே அறிந்தது. ஓலையை அரிக்கும் பூச்சி எழுத்து, வெற்றிடம் என்று பார்ப்பதில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்துபோன சொற்களின் இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினார். அந்நூலின் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. வகுப்பில் அப்புள்ளிகளைக் கடந்து செல்லும்போது நம் குரல் ஒரு கணம் தயங்கும். மெய்யான பழமை நம்மிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டே வந்திருக்கிறது.

மலரின் தாளிலோ பூச்சித் துளைகள் இரண்டும் ஓரத்தில், எழுத்துக்கு எட்டாத் தொலைவில் இருந்தன. தேநீர்க் கறை விருத்தங்களுக்கு வெளியே வட்டமிட்டிருந்தது. கிழிசல் ஒரு சீரையும் தொடவில்லை. மடிப்புக்கோடு சரியாக இரண்டு பாக்களுக்கு இடையே சென்றது. எழுத்தைத் தின்னாத அத்தனை நாகரிகமான பூச்சி எந்தச் சுவடியிலும் இருந்ததில்லை. மேலும் பார்த்தபோது, இரண்டு துளைகளும் ஒரே வடிவம்; ஒன்றைப் படியெடுத்துத் திருப்பி வைத்தது மற்றொன்று. கற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இவற்றை அச்சுக்கு முன் பார்க்கவில்லை என்பதே உண்மை. தாளின் அழகை மட்டும் பார்த்தோம், தாளைப் படிக்கவில்லை.

இது கல்லூரி மலரோடு நின்றுவிடும் செய்தியும் அன்று. பழுப்புத் தாளின்மேல் யாரோ எழுதிய வரிகளைப் பதித்துப் பெரும்புலவர் பெயரால் உலவவிடும் படங்களை நாளும் காண்கிறோம். வரியின் மூலத்தைக் கேட்பதற்கு முன் தாளின் நிறம் நம்மை வணங்க வைத்துவிடுகிறது. பாஸ்வெல் மண்டியிட்டதும் தாளின் முன்புதான். மென்பொருளையும் அதைப் பயிலும் இளைஞர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஓவியன் செய்த விளையாட்டு அழகியது. அது விளையாட்டு என்று தெரிந்திருக்கும் வரையில்.

இவற்றையெல்லாம் மாணவரிடம் சொன்னோம். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், கண்கள் ஒளிர, "அப்படின்னா அடுத்த தடவை எழுத்து மேலயே ஓட்டை போட்டுடட்டுமா ஐயா?" என்றார். சிரித்துவிட்டோம், உடனே சற்று அச்சமாகவும் இருந்தது. அதுவும் அவரால் முடியும். அப்போது நாம் எதைக்கொண்டு கண்டுபிடிப்போம்?

"வேண்டாம் தம்பி" என்றோம். அடுத்த ஆண்டு மலருக்கும் அவரே தாள் செய்தார், முன்னதைவிட அழகாக. அதன் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தோம்: 'பின்புலத் தாள் கணிப்பொறியில் வரையப்பட்டது.' அதற்குக் கீழே அவர் பெயர். கடிதம் எழுதிய முதியவருக்கும் ஒரு படி அனுப்பி வைத்தோம்.